பவித்ரன் சாரின் பாஸ்வேர்டு

பள்ளிக்கூடத்து லினக்ஸ் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வைத்தவர் பவித்ரன் சார். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மனுஷன் வேறு எதையாவது வைத்திருக்கக் கூடாதா? நாலு வருஷமாக வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லாததை அதில் வைத்துத் தொலைத்திருந்தார்.

மாமா மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுத் திருச்சூரில் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். பருப்பில் நெய் விழும் நேரம் பார்த்துப் போன் அடித்தது. தலைமையாசிரியை ஏலியாம்மா.

"சாரே, பாட்டு ரெக்கார்டு பண்ற சாஃப்ட்வேரே இந்தக் கம்ப்யூட்டர்ல இல்ல. ஏத்தப் போனா பாஸ்வேர்டு கேக்குது. சொல்லுங்க."

"டீச்சரே, சாயங்காலம் நானே வந்து..."

"கலோத்சவப் பாட்டுப் போட்டிக்கு ரெண்டு மணிக்குள்ள அனுப்பியாகணும்! பாட்டு டீச்சர் விலாசினி ரெண்டு மாசமா தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இதோ அழற மாதிரி நிக்கறாங்க. விலாசினி டீச்சரே, நீங்களே உட்காந்து அடிங்க. சாரே, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

ஸ்பீக்கரிலா! பவித்ரன் இலையை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினார். அங்கே நாதஸ்வரம் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவளுடைய ரெண்டு மாச உழைப்பு போகும். போனால் போகட்டும் மானம்!

"என் விலாசினி," என்றார் மெதுவாக.

"கேக்கல சாரே!"

"என் விலாசினி! இடைவெளி விடாம, இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து!"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. ஏலியாம்மாவுக்கோ வேறு கவலை.

"திரையில ஒண்ணுமே வரலியே! கீபோர்டு செத்துப்போச்சு. வேற மாத்தறோம், மறுபடி சொல்லுங்க."

"லினக்ஸ்ல பாஸ்வேர்டு அடிச்சா கண்ணுக்குத் தெரியாது டீச்சரே! ஆனா உள்ள போய்க்கிட்டுதான் இருக்கும்!"

"கண்ணுக்குத் தெரியாதத எப்படி நம்பறது? எழுத்தெழுத்தா, சத்தமாச் சொல்லுங்க."

கத்தினார். ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினார். வேறு கீபோர்டு மாட்டிய பிறகு மறுபடியும் முதலிலிருந்து கத்தினார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். முதல் பந்தி கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு வந்துவிட்டது.

"யாருடா அது விலாசினி?" என்றாள் அம்மா.

"ஏறிடுச்சு," என்றது போனில் ஒரு மெல்லிய குரல். உடனே போன் வைக்கப்பட்டது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். தப்பித்தால் போதுமென்று கம்ப்யூட்டர் அறைக்குள் புகுந்தார். பழைய பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் விலாசினி நோட்டு திருத்திக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாத்தினேன். ஊருக்கே தெரிஞ்சத இன்னும் வச்சிருக்க முடியுமா?"

"புதுசு... என்ன டீச்சர்?"

"உங்கள மாதிரி எனக்குக் கத்தத் தெரியாது சாரே. நீங்களே அடிச்சுப் பாருங்க."

தன் பெயரை அடித்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. எண்டரைத் தட்டினார். தவறு என்றது கம்ப்யூட்டர். பவித்ரனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"முன்னால ஒரு வார்த்தைய விட்டுட்டீங்க," என்றாள் விலாசினி, நோட்டிலிருந்து தலை தூக்காமல்.