கத்திரி வெயிலில் பனி பெய்த கொல்லை

அடி அண்ணாமலையில் பாஞ்சாலையின் கால் ஏக்கர் கொல்லையில் மட்டும் கத்திரி வெயிலில் பனி பெய்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் தார் உருகியது; அந்தப் பக்கம் மார்கழி. காரணம் ஆர்ட்டிசோக் என்ற சீமைக் காய். டவுனில் தங்கியிருந்த இத்தாலிக்காரம்மாவுக்குப் பாஞ்சாலை சமைத்துப் போட்ட நாட்களில், குளிர் இல்லாவிட்டால் இது மொட்டு விடாது என்று சொல்லித்தான் அந்த அம்மாள் விதையைக் கொடுத்தாள். பாஞ்சாலை விதைத்தாள். மொட்டு விடும் பருவத்தில் குளிர் தானாக வந்து இறங்கியது.

தாமரை மொட்டு பச்சைச் செதில் கட்டிக்கொண்டது போலிருந்த அந்தக் காயைச் சந்தையில் ஒருவரும் வாங்கவில்லை. சாமிக்குப் போடுவதா, சாம்பாரில் போடுவதா என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்கள். கணவன் சக்கரபாணிக்குப் பனியைப் பற்றிக் குறையில்லை. விலைபோகாத காய்தான் உறுத்தியது.

"முள்ளுச்செடிக்குத் தண்ணி கட்டிக்கினு இருக்க. சித்ரா பௌர்ணமி வரிக்கும்தான் பாப்பேன். அப்புறம் டிராக்டர் வுட்டு ஓட்டிட்டு, கிரிவலம் வர்றவங்க வண்டி நிறுத்த வாடகைக்கு வுட்டுடுவேன்."

கொல்லை அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. பௌர்ணமிக்கு ஒரு வாரம் முன்பே பாஞ்சாலை பறிக்கத் தொடங்கினாள். கையில் கனப்பது, இதழ் விரியாமல் இறுகியிருப்பது, அழுத்தினால் கீச்சென்று சத்தம் போடுவது, இவற்றை மட்டும் காம்போடு அறுத்து, ஈரத்துணியில் சுற்றிப் பனியிலேயே வைத்தாள். ஒன்றுகூட வாடவில்லை.

பௌர்ணமியன்று மத்தியானமே சனம் மலை சுற்றக் கிளம்பிவிட்டது. கிரிவலப் பாதையோரம் பாஞ்சாலை அண்டா வைத்துக் காய்களை அவித்தாள். உள்ளங்கால் கொப்பளித்து நின்ற ஒரு வேலூர்க்காரியை முதலில் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"ஒவ்வொரு இதழா பிய்ச்சி, அடியில இருக்கிற சதையைப் பல்லால வழிச்சித் தின்னுங்கக்கா. நாரைத் தின்னக் கூடாது, நடுவுல இருக்கிற பஞ்சை நான் சுரண்டித் தரேன்."

எலுமிச்சையும் உப்பும் தடவிய நடுக்குருத்தை விழுங்கியதும் வேலூர்க்காரி எழுந்து நின்றாள். "எரிச்சல் நின்னுபோச்சுடி!" அவள் நடந்த இடத்தில் தார்ச்சாலையில் ஈரக் காலடிகள் விழுந்தன. அதைப் பார்த்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் வரிசை சாலை வளைவைத் தாண்டிப் போனது. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி ஒழுங்குபடுத்திவிட்டு, அவர்களும் நின்றார்கள்.

டிராக்டரோடு வந்த சக்கரபாணியால் கூட்டத்தைத் தாண்ட முடியவில்லை. இறங்கி நடந்து வந்தான். பாஞ்சாலை ஒரு காயை நீட்டினாள். வேர்த்துக் கொட்டியபடி இதழ் இதழாக வழித்துத் தின்றான்; பாதியில் வேர்வை நின்றது.

"இன்னொண்ணு குடு" என்றான்.

"வரிசைல வாங்க" என்றாள் பாஞ்சாலை.

போய்க் கடைசியில் நின்றான்.

அடுத்த வருஷமும் குளிர் சரியாக வந்தது. இப்போது அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "பனிக்கொல்லை எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்கிறார். இறங்குகிறவர்கள் பையிலிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள்.