ஃப்ரிட்ஜில் வைத்த பேட்டரி

பெர்மாஸ் ஜெயா வீட்டில் தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார்கள் மூன்று இருந்தன. மகள் ஜெரால்டின் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து வைத்தவை. ஈரம் பட்டால் கத்தும். அவளுடைய கைபேசிக்கும் சொல்லிவிடும்.

போன வருடம் அவளுடைய அப்பா பிரெட்ரிக் சமையலறையில் கசிந்த தண்ணீரில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இன்னொரு முறை கசிந்தால் வீட்டை விற்றுவிட்டு இருவரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ஜெரால்டின் சொல்லியிருந்தாள். சிங்கப்பூரில் அவள் வீடு பதினான்காம் மாடியில் இருந்தது. அம்மா அந்தோணியம்மாளுக்கு லிஃப்டில் தலை சுற்றும்.

பெரிய வியாழன் பூசை முடிந்து தம்பதி வீடு திரும்பியபோது ஒரு சென்சார் விட்டு விட்டுக் கீச்சிட்டது. பேட்டரி தீரப்போகிறது. அன்று ஓயும் கோவில் மணி சனி இரவுதான் மறுபடி ஒலிக்கும். அதுவரை இந்த வீட்டிலும் மணி கிடையாது. அழைப்பு மணியை அணைத்துவிடுவார்கள். சுவர்க் கடிகாரத்தையும் நிறுத்துவார்கள்.

"அதையும் நிறுத்துங்க," என்றார் அந்தோணியம்மாள்.

"எது கத்துதுன்னு தெரியல."

"அப்ப மூணையும்."

பிரெட்ரிக் பேட்டரிகளைக் கழற்றிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜில் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். குளிரில் பேட்டரி கெடாது என்பது அவர் கட்சி.

காலையில் ஜெரால்டின் அழைத்தாள்.

"பா, சென்சார் மூணும் ஆஃப்லைன்."

"பெரிய வெள்ளி மா."

"சென்சாருக்குமா?"

"சத்தம் போடுற எல்லாத்துக்கும்."

"எனக்கு இன்னிக்கு லீவு. புது பேட்டரி வாங்கிட்டு வரேன்."

கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அந்தோணியம்மாள் சமையலறையிலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வாங்க. ஓடி வராதீங்க."

சிங்கின் கழிவுக்குழாய் கழன்றிருந்தது. மேலே ஊற்றியது கீழே வந்தது. தரை முழுக்கத் தண்ணீர்.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார் பிரெட்ரிக்.

ப்ளம்பர் ஹேமநாதனைப் போனில் பிடித்தார்கள்; அவன் தொலைவில், லாபிஸில் இருந்தான். நாளைக்கு வருவதாகச் சொன்னான்.

இருவரும் துடைத்தார்கள். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் இருக்க வேண்டும் என்று அந்தோணியம்மாள் வேண்டிக்கொண்டார். இருந்தது. ஈரத் துண்டுகளைக் குளியலறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

ஜெரால்டின் வந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தாள். நல்லதாக ஒன்றைப் போட்டு முதல் சென்சாரைச் சிங்குக்கு அடியில் வைத்தாள். அது அலறியது.

அந்தோணியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜெரால்டின் பேட்டரியை வெளியே எடுத்துப் பார்த்தாள். "வேர்த்திருக்கு. ஃப்ரிட்ஜ்ல வச்சா இப்படித்தான். வேற தண்ணி ஒண்ணும் வரலயே பா?"

பெரிய வெள்ளியில் பிரெட்ரிக் பொய் சொல்வதில்லை. மனைவியைப் பார்த்தார்.

"கஞ்சி ஆறுது, உக்காரு மா," என்றார் அந்தோணியம்மாள்.

குடித்தார்கள். ஜெரால்டின் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்படியே வை. பெரிய வெள்ளியில பாத்திரம் கழுவக் கூடாது," என்றார் அந்தோணியம்மாள்.

"இது எப்பலேர்ந்து?"

"இந்த வருஷத்துலேர்ந்து," என்றார் பிரெட்ரிக். அது உண்மை.

ஜெரால்டின் சிங்கைப் பார்த்தாள். அப்பாவின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருப்பதைப் பார்த்தாள். கிண்ணங்களைக் குளியலறைக்குக் கொண்டுபோனாள். உள்ளே ஈரத் துண்டுகள் குவிந்து கிடந்தன. பிறகு கழுவும் சத்தம் கேட்டது.

வெளியே வந்து, "ப்ளம்பர் எப்ப வரான்?" என்றாள்.

"நாளைக்கு."

"வழுக்கலயே?"

"ஓடல. நடந்துதான் போனேன்."

"நாந்தான் ஓட வேணாம்னேன்," என்றார் அந்தோணியம்மாள்.

ஜெரால்டின் கிண்ணங்களைத் துடைத்து அடுக்கினாள். அவசரப்படவில்லை.

"விழாததால இது கணக்குல வராது. அடுத்தது வரும்."

"சரி மா," என்றார்கள் இருவரும்.

கிளம்பும்போது புதுப் பேட்டரிகளை அப்பாவின் கையில் கொடுத்தாள். "நாளைக்கு ராத்திரி பூசை முடிஞ்சதும் போடுங்க. ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க."

அவர் தலையாட்டினார். அவள் பாலம் தாண்டிவிட்டதாகச் செய்தி அனுப்பும் வரை அவற்றை ஃப்ரிட்ஜில் வைக்கவில்லை.