முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் மனைவி எழுந்து நிற்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். மைக்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்காரருக்கு வாசனை தெரியற சக்தியைத் திரும்பக் கொடுத்ததுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். சபை முழுவதும் ஒரே குரலில் "ஸ்தோத்திரம்" என்றது.

அவனுக்கு வாசனை திரும்பியிருக்கவில்லை. ஒரு காய்ச்சலோடு போனது போனதுதான். பேக்கரியில் அடுப்படியில் நிற்கிறவன் அவன். ரொட்டியின் மேல்தோல் சிவக்கும் வாசனைக்கும் கருகத் தொடங்கும் வாசனைக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில்தான் அவன் பிழைப்பு ஓடியது. மூக்கு போனபின் ரொட்டிகளைப் பையில் போடும் வேலை தந்திருந்தார் முதலாளி. அடுப்புக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது. ஆள் வந்ததும் இவனுக்கு அங்கே வேலை இருக்குமா என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"எனக்கு இன்னும் வரலையே. எதுக்கு அப்படிச் சொன்னே?"

"வரும்ங்க. கிடைச்சாச்சுன்னு நம்பி முன்கூட்டியே நன்றி சொல்லணும்னு பாஸ்டர் சொன்னாரே. ஆண்டவர்கிட்ட கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாப் போச்சு. இனிமே கேக்கறதில்லை, நன்றி மட்டும்தான்."

"அதை வீட்டுக்குள்ள சொல்லியிருக்கலாமே. முதலாளி முன் வரிசையில உக்காந்திருந்தார்."

"அவருக்கும் விசுவாசம் இருக்குல்ல?"

"அவருக்கு பேக்கரியும் இருக்கு."

அவன் பயந்ததுதான் நடந்தது. மறுநாள் முதலாளி வாசலிலேயே அவன் தோளைத் தட்டினார்.

"ஸ்தோத்திரம் பிரதர்! நேரா அடுப்புக்குப் போங்க. புது ஆளை வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். உண்மையைச் சொன்னால் மனைவி சபைக்கு முன் பொய் சொன்னவளாவாள். சொல்லாவிட்டால் அவனே பொய்யனாவான். இல்லை, இன்னும் வரவில்லை என்று சொல்வதே அவிசுவாசமோ? எதுவும் பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு மேலங்கியை மாட்டினான்.

மாவு பிசையும் மேசையில் நின்ற, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் பையனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் குரல் கொடுப்பான்: "அண்ணே, எடுங்க!" "அண்ணே, அவசரப்படாதீங்க!" இடையில் ஒரு கேலி வேறு. "என் மூக்கை வாடகைக்கு விட்டிருக்கேன். அடுத்த சாட்சியில என்னையும் ஒரு வரி சேத்துக்கச் சொல்லுங்க அண்ணிகிட்ட."

வீட்டில் அவள் காலைதோறும் எலுமிச்சையை வெட்டி அவன் மூக்கின் கீழ் நீட்டினாள். அவன் தலையசைப்பான், இல்லை என்று. அவளோ கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு, அதே எலுமிச்சையைக் குடிதண்ணீரில் பிழிவாள். அவள் எதற்கு நன்றி சொல்கிறாள்? வராததற்கா, வரப்போவதற்கா? இத்தனை வருஷம் ரொட்டி வாசனையிலேயே நின்றவன், அதற்காக ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. போன பிறகு அவனுக்காக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அது ஆறுதலாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா, அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே நெட்டை மூட்டை இறக்க வெளியே போயிருந்தபோது ஓர் அடுக்கு ரொட்டி முழுவதும் கருகியது. முன் கடையிலிருந்து முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன பிரதர், தெரியலையா?"

"கவனிக்கலை" என்றான்.

இது மனைவி சொன்னதைப் போன்றதல்ல. இது கலப்படமில்லாத பொய். முதலாளி திட்டவில்லை. "பழக்கம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை நீங்களே எழுந்து சாட்சி சொல்லுங்க. தைரியம் வரும்."

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னான். அவள், "அப்போ நான் பொய்யா சொன்னேன்?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் அல்ல; உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை.

ஞாயிறன்று முதலாளி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அவன் எழுந்தான். மைக் கைக்கு வந்தது. அடுப்பு கையைவிட்டுப் போகும், வேலையே போனாலும் போகும். பக்கத்தில் மனைவி தலை குனிந்திருந்தாள்.

"எனக்கு இன்னும் வாசனை வரலை" என்றான். "அவ நம்பித்தான் சொன்னா. நான்தான் மறைச்சேன். ரொட்டி கருகினது எனக்குத் தெரியலை."

போதகர் வேதப் புத்தகத்தின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு பின் வரிசையில் யாரோ, பழக்க தோஷத்திலோ வேறு எதனாலோ, "ஸ்தோத்திரம்" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சபையும் "ஸ்தோத்திரம்" என்றது. முதலாளியின் குரலும் அதில் கேட்டது.

வெளியே வந்ததும் அவர் செருப்பை மாட்டியபடியே, இவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அடுப்பு இனி வேணாம் பிரதர். புது ஆளையே வரச் சொல்லிடறேன். உங்களுக்கு என்னன்னு நாளைக்குப் பாப்போம்."

இருவரும் வீட்டுக்குப் பாதி தூரம் நடந்திருந்தார்கள்.

"எல்லாரும் சொன்னப்போ நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீங்க" என்றாள் அவள். "சத்தமாவே சொன்னீங்க."

"சொன்னேனா?"

"எதுக்குங்க?"

யோசித்துப் பார்த்தான். வேலைக்காக அல்ல. மூக்குக்காகவும் அல்ல.

"தெரியலை" என்றான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.