அரைச் சட்டி

எல்லப்பன் எனக்குத் தர வேண்டிய பாக்கி இருபத்தாறாயிரத்து நானூறு ரூபாய். சீட்டு எடுத்து அப்படியே அவன் கையில் கொடுத்தது. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவன் ஒரு கேம் சென்டர் வைத்திருக்கிறான். ஆறு கம்ப்யூட்டர். பையன்கள் மணிக்கு நாற்பது ரூபாய் கொடுத்து உட்கார்ந்து சுடுகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள். பழைய மானிட்டர்களைத் தூக்கிவிட்டு கேமிங் மானிட்டர் போட வேண்டும் என்று பொங்கலுக்கு முன் வந்து கேட்டான். கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என் மகள் பவானியைப் பார்த்து, "கடைய பாத்துக்கட்டும் மச்சான், மாசம் ஒம்போதாயிரம் தரேன்" என்றான். அவளையும் அனுப்பிவைத்தேன்.

பணத்தை ஆடிக்குள் தருவதாகச் சொன்னான். ஆடி போய் ஆவணியும் பாதி போய்விட்டது.

பணம் வராதது ஒரு பக்கம். எனக்குக் கடுப்பு அதில் மட்டும் இல்லை. எல்லப்பனும் நானும் ஒன்றாகக் கான்கிரீட் வேலைக்குப் போனவர்கள். ஈ.சி.ஆர். ஓட்டல்களில் எத்தனையோ தளம் நாங்கள் வரிசையில் நின்று கலவைச் சட்டி கைமாற்றிப் போட்டதுதான். முட்டி போனதும் அவன் வேலையை விட்டான், கடை போட்டான், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டான். நான் இன்னும் சட்டி தூக்குகிறேன். சரி, அவனவன் நேரம் என்று அதைக்கூட விட்டுவிடுவேன். ஆனால் சாயங்காலம் பவானி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"எல்லப்பன் மாமா இன்னிக்கு இன்னா பண்ணாரு தெரியுமா?"

எல்லப்பன் மாமா பிரியாணி வாங்கிக் கொடுத்தார். எல்லப்பன் மாமா ஒரு வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷில் சண்டை போட்டார். எல்லப்பன் மாமா சொன்ன ஜோக்கைக் கேட்டு ஒரு பையன் நாற்காலியிலிருந்து விழுந்தான். அன்றைக்கு மூன்று மாடி சாரம் ஏறி இறங்கியதை நானும் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். அதில் ஜோக் ஒன்றும் இருக்காது. மூடிக்கொள்வேன்.

"உனுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுது?" என்பாள் என் மனைவி கன்னியம்மா. "பொண்ணு சம்பாரிச்சுகினு, சிரிச்சுகினு வருது. அதுல உனுக்கு இன்னா வயித்தெரிச்சல்?"

"வயித்தெரிச்சலா? எனுக்கா?"

"பின்ன, எனுக்கா?"

நான் எழுத்துக் கற்றது நாற்பது வயதுக்கு மேல், பஞ்சாயத்துப் பள்ளியில் நடந்த சாயங்கால வகுப்பில். அதனால் எந்த போர்டைப் பார்த்தாலும் நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகருவேன். எல்லப்பன் கடை போர்டையும் அப்படித்தான் படித்தேன். மேலே பெரிதாக 'எல்லப்பன் கேம் சென்டர்'. கீழே ஒரு போன் நம்பர். அதற்கும் கீழே மஞ்சள் எழுத்தில் 'தொடர்புக்கு: பவானி'. என் மகளின் பெயரை முதல்முதலாக ஒரு போர்டில் பார்க்கிறேன், அது எல்லப்பன் போர்டு. சந்தோஷப்படுவதா, பிய்த்து எறிவதா என்று தெரியாமல் வெயிலில் நின்றேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் பூஞ்சேரியில் தள வேலை. டீ குடிக்கும்போது ஒயரிங் வேலைக்கு வந்த ஆள் ஒருவன் கேம் சென்டர் பேச்சை எடுத்தான்.

"அங்க ஒரு பொண்ணு கீது அண்ணாத்த. எந்தக் கம்ப்யூட்டர் படுத்தாலும் எழுப்பிடுது. எல்லப்பன் பொண்ணு. பவானி."

"யாரு பொண்ணு?"

"எல்லப்பன் பொண்ணு. போர்டுலயே போட்டுகீதே. மேல எல்லப்பன், கீழ பவானி."

மீதி டீயை மண்ணில் ஊற்றினேன். அப்போதே முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை நிரம்பி வழியும். அப்போது போய் எல்லார் எதிரிலும் பாக்கியைக் கேட்பது. எல்லப்பன் முழிப்பதை பவானி பார்க்கட்டும். பார்த்த பிறகு, "வாம்மா வூட்டுக்கு" என்று கூப்பிடுவது. என் பின்னால் வருகிறாளா, அவன் பக்கம் நிற்கிறாளா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

நான் போவதற்கு முன்பே கடைக்குள் சண்டை ஆரம்பித்திருந்தது. புதிதாக ஒரு கேம் வந்திருக்கிறது, எல்லாப் பையன்களும் அதையேதான் கேட்கிறார்கள்.

"அண்ணாத்த, படம் கிழியுது! திரும்பினா ஆளு மேல் பாதி ஒரு பக்கம் போறான், கீழ் பாதி ஒரு பக்கம் போறான்."

"வெட்டி வெட்டி இழுக்குது. நாப்பது ரூவா டப்ப திருப்பிக் குடு."

எல்லப்பன் வேர்த்து விறுவிறுத்து நின்றான். என்னைப் பார்த்ததும், "இன்னா பேஜாரு பாரு மச்சான்" என்றான். "அட்டப்பெட்டில கொட்ட எழுத்துல அடாப்டிவ் சிங்க்னு போட்டுகீது. கம்ப்யூட்டர் மெதுவா படம் அனுப்பினாலும் மானிட்டர் அதுக்கேத்த மாதிரி ஒத்துப் போவும்னுதான் வாங்கினேன். அல்லாம் உன் காசு."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கேட்க இதைவிட நல்ல நேரம் வராது. தொண்டையைச் செருமினேன். அப்போது மேசைக்கு அடியிலிருந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு பவானி வெளியே வந்தாள்.

"கேபிள் நல்லாதான் கீது மாமா. மானிட்டரும் கெட்டுப் போவல. அதால முடிஞ்சது அவ்ளோதான்."

"அவ்ளோதான்னா?"

"பெட்டில கீழ பொடி எழுத்துல பாரு. நாப்பத்தெட்டுலேந்து எழுபத்தஞ்சு. ஒரு செகண்டுக்குக் கம்ப்யூட்டர் எத்தினி படம் அனுப்புதோ, இதுவும் அத்தினி வாட்டி மாத்தும். ஆனா நாப்பத்தெட்டுக்குக் கீழ எறங்காது. பழைய கேம்ல அறுபது வந்துச்சு, ஒண்ணும் தெரில. புது கேம் நம்ம கம்ப்யூட்டர நாக்கு தள்ள வெச்சுடுது. நாப்பதுதான் வருது."

"நாப்பதே வரட்டும். நல்ல மானிட்டரா இருந்தா இன்னா பண்ணும்?"

"ஒரே படத்த ரெண்டு வாட்டி காட்டும். நாப்பது எம்பதாயிடும். பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது."

"அப்ப இதையும் ரெண்டு வாட்டி காட்டச் சொல்லு!"

"காட்டாது."

"ஏன், வீம்பா?"

பையன்கள் சிரித்தார்கள். பவானி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றிப் பார்த்தாள். பார்வை என் மேல் வந்து நின்றது.

"ப்பா, தளம் போடற அன்னிக்கு மிஷின் மெதுவா கலந்தா இன்னா பண்ணுவீங்க?"

கடையே என்னைப் பார்த்தது. பாக்கியைக் கேட்கத் திறந்த வாயால், "அரச் சட்டியா அள்ளுவோம்" என்றேன்.

"ஏன்?"

"கை நிக்கக் கூடாதும்மா. நின்னா வரிச கலஞ்சிடும். ஒருத்தன் பீடி பத்த வெப்பான், ஒருத்தி குந்திடுவா. அப்பால சட்டி வரும்போது வாங்க ஆள் இருக்காது. அதான் ஒரு முழுச் சட்டிய ரெண்டு அரச் சட்டியா அனுப்பறது. போற கலவை அதேதான், கை மட்டும் ஆடிகினே இருக்கும்."

"அதேதான் மாமா!" என்றாள் எல்லப்பனிடம். "ரெண்டு வாட்டி காட்டறது அந்த அரச் சட்டிதான். ஆனா அரச் சட்டின்னா கை ரெண்டு மடங்கு வேகமா ஆடணும். நாப்பதுக்கு எம்பது. நம்ம மானிட்டரோட கை எழுபத்தஞ்சுக்கு மேல ஆடாது."

எல்லப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அட! மெதுவா கை ஆட்டறவன வரிசைல நிக்க வெச்சு அரச் சட்டி அனுப்பினா, ரெண்டாவது சட்டி அவன் தலைலதான்!"

கடை அதிரச் சிரித்தது. பவானியும் சிரித்தாள். சட்டி என்னுடையது, சிரிப்பு அவனுக்கு. எனக்கு முன்னால் அவனுக்குப் புரிந்துவிட்டது என்பதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

"மேல் நம்பரு கீழ் நம்பரப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும்" என்றாள் பவானி. "நாப்பத்தெட்டுலேந்து நூத்தி நாப்பத்துநாலுன்னு வாங்கியிருந்தா இந்தச் சண்டையே இல்ல."

பிறகு அவள் ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்தாள். கேமுக்குள் போய் நிழலைக் குறைத்தாள், புகையைக் குறைத்தாள், தண்ணீரில் தெரிகிற பளபளப்பை எடுத்தாள். கம்ப்யூட்டருக்குச் சுமை குறைந்தது. நாற்பதாக இருந்தது ஐம்பத்து நான்குக்கு ஏறியது. மானிட்டர் அதைப் பிடித்துக்கொண்டது. கிழிசல் நின்றது.

"குண்டு வெடிச்சா பொகையே வரலியேக்கா" என்றான் ஒருவன்.

"பொக வோணும்னா எதுக்கால கடைல தோச சுடறாங்க, போய் நில்லு."

நான் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. என் மனது வேறிடத்தில் மாட்டிக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளையில் பவானியை வீட்டில் விட ஆளில்லாமல் வேலைக்குக் கூட்டிப்போவோம். மணல் குவியலில் உட்கார வைப்போம். மணலில் விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அரைச் சட்டியைப் பார்த்திருக்கிறாள். அது வரைக்கும் மனது நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது, எல்லப்பனும் அதே வரிசையில்தான் நின்றான்.

சாயங்காலம் பவானியும் நானும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தோம். நான் கூப்பிடவில்லை, வேலை முடிந்தது என்று அவளே வந்தாள். கடற்காற்றில் அவள் துப்பட்டா என் மேல் அடித்துக்கொண்டே வந்தது.

"அரச் சட்டி யார் அனுப்பறதப் பாத்த?" என்றேன்.

"இன்னாபா கேள்வி இது?"

"சும்மாதான் கேட்டேன்."

"உன்னப் பாத்துதான். எல்லப்பன் மாமா எங்க வரிசைல நின்னாரு? எப்பப் பாரு டீ வாங்கிகினு வரேன்னு கெளம்பிடுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். கன்னியம்மா என்னைப் பார்த்துவிட்டு, "குடிச்சியா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் எல்லப்பன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். பதின்மூன்றாயிரத்து இருநூறு ரூபாயை என் கையில் வைத்தான்.

"அரச் சட்டி மச்சான். அடுத்த அரச் சட்டி அடுத்த மாசம்."

கடன் தருவதற்குக்கூட அவனிடம் ஒரு ஜோக் இருக்கிறது. அதுவும் என் சட்டியை வைத்தே. உள்ளே பவானி சிரிக்கிற சத்தம் கேட்டது. பணத்தை வாங்கி கன்னியம்மாவிடம் கொடுத்தேன்.

சொன்னபடி புரட்டாசியில் மீதியையும் கொடுத்தான், கடை வாசலில் வைத்து. எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"வட்டி?" என்றேன்.

அவன் முகம் தொங்கிவிட்டது. "மச்சான், நமுக்குள்ள இன்னா வட்டி?"

"தவண தாண்டிடுச்சில்ல?"

"எவ்ளோ கேக்கற?"

"ஒரு எழுத்து." போர்டைக் காட்டினேன். "பவானிக்கு முன்னாடி இனிஷியல் போடணும்."

எல்லப்பன் போர்டைப் பார்த்தான். தன் பெயரைப் பார்த்தான், அதற்குக் கீழே அவள் பெயரைப் பார்த்தான். "அட, ஆமா" என்றான். "என் பொண்ணுன்னுதான் ஊரே சொல்லிகினு கீது. நானும் இல்லன்னு சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு மச்சான்."

அவனுக்குப் பிள்ளை இல்லை. அந்த ஒரு நொடி எனக்கு என்னவோ போலாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"பெயிண்டரக் கூப்பிட்டா ஐந்நூறு கேப்பான்" என்றான்.

"நானே எழுதறேன். ஸ்டூலு குடு."

மஞ்சள் பெயிண்ட் வாங்கி வந்தேன். எல்லப்பன் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, ஏறினேன். 'தொடர்புக்கு' என்பதற்கும் 'பவானி'க்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட விடாமல் எழுதியிருந்தான் பெயிண்டர். மாயவன் என்ற என் பெயரின் முதல் எழுத்தை அந்த இடத்துக்குள் நுழைக்க வேண்டும். 'ம' போட்டேன். பக்கத்தில் துணைக்காலை இழுத்தேன். புள்ளி வைத்தேன்.

பவானி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"மா. பவானி" என்று படித்தாள். "இன்னாபா, ஒல்லியா நெளிஞ்சு நிக்குது? நான் உன் பொண்ணுன்னு அல்லாருக்கும் தெரியும்பா."

"ஒயரிங் ஆளுக்குத் தெரியாது."

"எந்த ஒயரிங் ஆளு?"

பெயிண்ட் காயும் முன் புள்ளியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

"வட்டி தீந்துச்சா மச்சான்?" என்று கீழேயிருந்து கேட்டான் எல்லப்பன். "முட்டி நோவுது."

"தீந்துச்சு" என்றேன். "ஸ்டூல ஆட்டாத."