பத்துக்கு எட்டில் ஒரு வார்த்தை

சுருளியாண்டி பென் டிரைவை மேசைமேல் வைத்தான். "அழகர் கல்யாணத்துக்கு பிளக்ஸ், முனீஸ். பத்துக்கு எட்டு அடி. மண்டபத்து வாசல்ல நிக்கணும்."

முனீஸ்வரிக்கு அதுவரை விஷயம் தெரியாது. திரையில் அழகர் கட்டம் போட்ட சட்டையில் சிரித்தான். அடுத்த படத்தில் பொண்ணு. பெயர் கயல் என்று கீழே இருந்தது. நல்ல முகம்.

"வாழ்த்துகிறோம்னு போடவா?"

"அது எல்லாப் பயலும் போடுறது. இங்கிலீசுல புதுசா ஒண்ணு வேணும். மாப்ளைகிட்டயே கேட்டோம். 'குடோஸ்னு போடுங்கடா. அர்த்தம் வேணும்னா பிளக்ஸ் கடை முனீஸைக் கேளுங்க, அதுக்குத் தெரியும்'னுட்டான். ஏடாகூடமா ஒண்ணும் இல்லியே? முத்துவீரன் கல்யாணத்துல இங்கிலீசுல என்னத்தையோ அடிச்சு வச்சு, பொண்ணோட மாமன் பிளக்ஸையே கிழிச்சுப்புட்டாக."

அழகர் அந்த வார்த்தையை மறக்கவில்லை. மறந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

உத்தமபாளையம் கல்லூரியில் இரண்டாம் வருடம் வேதியியலில் அவள் முதலாவதாக வந்தாள். கம்பத்திலிருந்து போகும் காலை பஸ்ஸில் அழகரும் சுருளியாண்டியும் வருவார்கள். அழகர் ஆங்கில இலக்கியம், சுருளியாண்டி வரலாறு. அன்று அழகர் அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அந்த ஐந்தெழுத்தை எழுதிக் கொடுத்தான். மதியம் சாப்பிடாமல் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் புரட்டினாள். அதில் இருந்ததையெல்லாம் அந்த எழுத்துக்குக் கீழேயே எழுதி வைத்தாள்.

மறுநாள், "அர்த்தம் பாத்தியா?" என்று கேட்டான். தலையை ஆட்டினாள். சொல்ல வேண்டியதை இரவெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தாள். பஸ் ராயப்பன்பட்டி விலக்கைத் தாண்டியது. சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருடம் பஸ் ஓடியது.

கோவையில் வேலை கிடைத்துப் போனவன், போன பொங்கலுக்குக் கடை வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போனான். அந்தக் கையசைப்பை வைத்துக்கொண்டு ஏழு மாதம் ஓட்டியிருந்தாள்.

இப்போது ஒரு பொய் போதும். அந்த வார்த்தைக்கு அர்த்தம் சரியில்லை என்றால் சுருளியாண்டி வேறு எதையாவது போடச் சொல்வான். வார்த்தை நோட்டிலேயே இருந்துவிடும். அவன் அவளுக்கென்று தந்தது அது ஒன்றுதான். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"கிரேக்க வார்த்தை," என்றாள். "சண்டையில ஜெயிச்சவனுக்குக் கிடைக்கிற பேரு, புகழ். சாமியே பாத்துக் குடுக்கிறதுன்னு அந்தக் காலத்துல நம்புனாகளாம். சீமையில கிரேக்கம் படிச்ச காலேஜ் பயலுக வேடிக்கையாச் சொல்லிச் சொல்லி இங்கிலீசுல சேந்துக்கிருச்சு. இப்போ பாராட்டுன்னு அர்த்தம். நல்ல வார்த்தைதான்."

சுருளியாண்டி அவளையே பார்த்தான். "ஆத்தாடி! மூணு வருசம் ஒரே பஸ்ல வந்தோம். ஒன் குரலு இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. அங்கன வச்சு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"எழுத்து எம்புட்டுப் பெருசு வேணும்?"

"ரெண்டு தலைக்கும் மேல. ரோட்டுல போறவனுக்குத் தெரியணும்."

ரோட்டில் போகிறவனுக்குத் தெரிகிற மாதிரி அடித்துக் கொடுத்தாள். முதல் பிரதி வீணாகிவிட்டது. மெஷினில் சிவப்பு மை அடைத்துக்கொண்டு முகங்கள் பச்சையாக வந்தன. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். வீணானதைச் சுருட்டி வைத்துவிட்டு, "மாட்டுக்கொட்டத்துக்கு ஆகும், கொண்டுபோம்மா," என்றார் முதலாளி.

சுருளிப்பட்டியில் அவளுடைய அப்பா சின்னக்கருப்பு ரொம்ப நாளாக அப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் இறங்காது என்று வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, அச்சடித்த பக்கம் மாட்டைப் பார்க்கிற மாதிரி கொட்டத்துக் கூரையில் கட்டினார்.

"இங்கிலீசுல என்னாத்தா போட்டிருக்கு?"

"பாராட்டுப்பா."

"யாருக்கு?"

"ஜெயிச்சவுகளுக்கு."

"அதைக் கொண்டாந்து நம்ம மாட்டுக்குக் கட்டியிருக்கியே," என்று சிரித்தபடி அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

கல்யாணத்தன்று காலையில் பால் கறக்கக் குனிந்தவள் மேலே பார்க்கவில்லை. மறுநாள் நல்ல மழை. பிளக்ஸ் ஒழுகவில்லை. அவள்தான் முகத்தைத் துண்டில் துடைத்துக்கொண்டு, செம்பை மறுபடி மாட்டு மடிக்குக் கீழே பிடித்தாள்.