அருவியில் கழுவிய கை

குழல்வாய்மொழிக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீரும் ஊற்றியாயிற்று. உயிர் தப்பியதே அம்மன் புண்ணியம் என்றது ஊர். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் முகம் முழுக்கக் குழிகுழியாய்த் தழும்பு. தாய் முப்பிடாதியம்மாளால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்து தலை சீவிவிடுவதோடு சரி.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். போன ஆனியில் சாரல் கட்டியபோது, குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சர்க்கார் ஆள் பலவேசம் அம்மைத் தடுப்பு மருந்து குத்திக்கொண்டிருந்தார். மூத்தவனுக்குக் குத்தியபோது அவன் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த கிடை முப்பிடாதிக்கு மறக்கவில்லை. காய்ச்சல் வரத்தான் செய்யும், பயப்பட வேண்டாம் என்று தென்காசி டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டாளா? வேண்டாம் என்றால் புருஷன் சுடலையாண்டி வீட்டை இரண்டாக்கிவிடுவான். அதனால் சமர்த்தாக மகளின் கையை நீட்டிக் குத்தவிட்டாள். மருந்து காயுமுன்னே பிள்ளையை அருவிக்கு இழுத்துப்போய், தண்ணீர் விழுகிற இடத்தில் அந்தக் கையைக் காட்டித் தேய்த்துக் கழுவினாள். ஒன்றும் அறியாத பிள்ளை கூத்தாடிக் குளித்தது. யாருக்கும் தெரியாமல் காரியத்தை முடித்துவிட்ட பெருமை வேறு அவளுக்கு!

இன்று பலவேசம் மறுபடி தெருவுக்கு வந்திருந்தார். ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை.

"குத்துன பிள்ளைக்கே வந்துட்டு. பொறவு என்னத்துக்கு அண்ணாச்சி குத்துதீய?" என்றாள் எதிர்வீட்டு மாரித்தாய், கைக்குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு.

அவர் முப்பிடாதியின் வாசலுக்கு வந்தார். குழல்வாய்மொழியைப் பார்த்ததும் மனிதர் உடைந்துபோனார்.

"என் கை தப்பிப்போச்சு தாயி. மருந்து சரியா ஏறலை போலுக்கு. மன்னிச்சிருங்க" என்று கும்பிட்டார்.

முப்பிடாதி மாரித்தாயின் முந்தானையைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் பழி அவரோடு போய்விடும். ஆனால் குத்தாமல் விட்டால் மாரித்தாயின் பிள்ளை? புருஷன் வேறு பக்கத்தில் நின்றான்.

"கும்பிடாதீங்க அண்ணாச்சி, அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம். நாந்தான் அன்னைக்கே அருவில கழுவிவிட்டேன். எம்பிள்ள மொகத்தை நாந்தான் கெடுத்தேன்."

சுடலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். அதற்குப் பதில் அவன் நாலு அறை அறைந்திருக்கலாம். மாரித்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முந்தானையை விலக்கிக் குழந்தையின் கையைப் பலவேசத்திடம் நீட்டினாள்.

குழல்வாய்மொழி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"எம்மா, அன்னைக்கி எம்புட்டு நேரம் குளிக்க விட்ட! இன்னொரு நாளும் கூட்டிட்டுப் போறியா?"

முப்பிடாதி முதல்முறையாக மகள் முகத்தை நேராகப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.