துட்டி கேட்காத வீடு

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், துட்டி கேட்க வருகிற ஆம்பளைகள் வாய் திறந்து ஒன்றும் பேச வேண்டியதில்லை. வீட்டு ஆட்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள். வருகிறவன் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவான், இவர்கள் அதைத் தொட்டு விடுவார்கள். அவ்வளவுதான். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளவும் கூடாது, எழுந்து தன் பாட்டுக்குப் போய்விட வேண்டும். ஆனால் அந்தக் கையை நீட்டாதவன், பிறகு எந்த நல்லதுக்கும் அந்த வாசலை மிதிக்க முடியாது. அந்த வீட்டில் ஒரு செம்புத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டான்.

இந்த ஒழுங்கான வழக்கம்தான் வீரணனை ஒண்டியாளாக்கியது.

அவன் பெண்டாட்டி முனியாயி கொரோனாவின் இரண்டாவது அலையில் போனாள். ஆம்புலன்சில் தானே ஏறி உட்கார்ந்து, அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டையாகக் கட்டி நேராகத் தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வீரணனுக்கும் மகள் முத்துமீனாவுக்கும் அப்போது அதே காய்ச்சல். வாசலில் தகரம் அடித்திருந்தது. போனில் சேதி வந்தது, அதோடு சரி. உடம்பைக் குளிப்பாட்ட நீர்மாலை இல்லை, போர்த்தக் கோடி இல்லை, கூட உட்கார்ந்து அழ ஒரு ஆள் இல்லை. தகரத்தைப் பிரித்தபோது பதினாறாம் நாளும் தாண்டிப் போயிருந்தது.

பிறகாவது வந்திருக்கலாம். ஒருத்தரும் வரவில்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம். இத்தனை நாள் கழித்து எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டார்கள். அவன்மேல் யாருக்கும் கோபதாபம் கிடையாது. அப்படி இருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். வீரணனின் குட்டியானை வண்டி தெருமுனையில் திரும்பினால், டீக்கடையில் இருந்தவர்கள் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். பேப்பர் படிக்கத் தெரியாதவர்களும்தான்.

வீரணன் அதை மனசில் வாங்கினானா என்பதே தெரியவில்லை. தேங்காய் ஏற்றினான், சிம்மக்கல்லில் மொத்தக் கடையில் இறக்கினான், வந்தான், தின்றான், படுத்தான். பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காமல் அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு. அரசாங்கத்தின் நிவாரணத் தொகை பேங்கில் விழுந்ததாக போன் கிணுங்கியபோது, படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டயருக்குக் காற்று பிடிக்கப் போனான்.

முத்துமீனாவின் கல்யாணப் பேச்சு எடுத்த பிறகுதான் சிக்கல் எவ்வளவு பெரிசு என்று தெரிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, தாய்மாமன் எங்கே என்றார்கள். தாய்மாமன் சிவபாண்டி, முனியாயியின் தம்பி, திருப்பரங்குன்றத்தில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். கூடப் பிறந்த அக்காவுக்கே துட்டி கேட்காதவன் அவன். அதைக் கேட்காமல் அவன் கல்யாணத்துக்கு வர முடியாது. அவன் வராமல் பெண்ணை மணையில் உட்காரவைக்க முடியாது. நீயே போய்க் கூப்பிடு என்றால், எனக்கு வந்து துட்டி கேளு என்று எந்த மானமுள்ளவன் வாய்விட்டுக் கேட்பான்? மாமா இல்லாமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று முத்துமீனாவும் சொல்லிவிட்டாள். வந்த இடம் கைநழுவிப் போயிற்று, அடுத்து வந்ததும் போயிற்று. வீரணனுக்கு அதற்கும் அழுகை வரவில்லை.

இப்படிக் கிடந்த வீட்டுக்குத்தான் அரசாங்கம் ஆர்த்திகாவை அனுப்பியது. கொரோனாவில் உறவைப் பறிகொடுத்தவர்களுக்கு மனநல ஆலோசனை என்று புதுத் திட்டம். மதுரை டவுனில் படித்த பிள்ளை, முதல் வேலை. வியாழக்கிழமை தவறாமல் வந்து, மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, சரியாகத் தூங்குகிறீர்களா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா என்று கேட்பாள். தூக்கத்துக்கு என்ன குறைச்சல், நல்லாத்தான் இருக்கேன் என்பான் வீரணன். டேப்லெட்டில் அவன் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரியும். போயிட்டு வர்றேன்ப்பா என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போவாள்.

பச்சை விளக்கை நம்புகிற அளவுக்கு அவள் மக்கு இல்லை. ஒருநாள் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டு, உங்களைப் பார்க்க யாராவது வருவாங்களாப்பா என்று கேட்டாள். வீரணன் தன் இரண்டு கையையும் பார்த்தான்.

"யாரும் துட்டி கேக்கலம்மா," என்றான்.

துட்டி என்றால் என்னவென்று அவளுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. மேலதிகாரியிடம் பேசி, சுற்று வட்டாரத்தில் இப்படிப் பறிகொடுத்தவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்து உட்காரவைத்துப் பேசலாம் என்று ஏற்பாடு செய்தாள். சமுதாயக் கூடத்தில் ரேசன் அரிசி மூட்டை அடுக்கியிருந்ததால் வீரணன் வீட்டு வாசலிலேயே நடத்தலாம் என்றாள். ஊரில் எதையும் அறிவிக்கிற அழகுபாண்டியிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். கொரோனாவில் உறவை இழந்தோருக்கான ஆறுதல் கூட்டம், வீரணன் இல்லம், ஞாயிறு காலை பத்து மணி.

அழகுபாண்டியின் ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். குடிநீர் வரி, கறிக்கோழி, கண் முகாம் எல்லாவற்றுக்கும் ஒரே குரல். சாவுக்கு மட்டும் தனியாக ஒரு குரல் வைத்திருந்தான். சீட்டைப் படித்துப் பார்த்தவன், அரசாங்கத்துக்கு முறையாக எழுதத் தெரியவில்லை, நாம்தான் சரி பண்ணவேண்டும் என்று முடிவுகட்டினான். பிறகு அந்தத் தனிக் குரலை எடுத்தான். திரு வீரணன் அவர்களின் துணைவியார் முனியாயி அம்மாள் துட்டி, வருகிற ஞாயிறு காலை பத்து மணி, உற்றார் உறவினர் தவறாமல் வரவும். தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு, வழக்கம்போல உறவுக்காரர்களின் வாட்ஸப் குரூப்புகளிலும் முனியாயி போட்டோவோடு போட்டுவிட்டான். வீரணன் அந்நேரம் சிம்மக்கல்லில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் போய்ச் சொல்ல ஊரில் யாருக்கும் மூஞ்சி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்த்திகா பிளாஸ்டிக் சேர்களை வட்டமாகப் போட்டாள். வரவேண்டிய நாலைந்து பேரும் வந்து விறைப்பாக உட்கார்ந்தார்கள். உங்கள் மனசில் இருப்பதைச் சொல்லலாம் என்று அவள் ஆரம்பித்தபோது, தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் அங்கிருந்தே மாரில் அடித்து அழுதுகொண்டு வந்தார்கள். யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று ஆர்த்திகா பதறி எழுந்தாள். வந்தவர்கள் அவளைத் தாண்டிப் போய் முத்துமீனாவைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்து டீக்கடை மொத்தமும் வந்தது. சேர் வட்டம் இருந்த இடம் தெரியவில்லை.

வீரணனுக்கு எங்கே நிற்பதென்று தெரியவில்லை. அண்ணன் மகன் பீமாராவ் வந்து, சித்தப்பா, இப்படி நில்லுங்க என்று தோளைப் பிடித்து வாசலில் நிறுத்தி, பக்கத்தில் தானும் நின்றான். கைகள் வந்தன. காய்த்த கை, கிரீஸ் பிடித்த கை, தோல் சுருங்கிய கை. பேப்பருக்குள் ஒளிந்தவர்களின் கை எல்லாம் வந்தது. வீரணன் ஒவ்வொன்றாகத் தொட்டான். சிம்மக்கல்லில் தேங்காய் மூட்டையைக் கைமாற்றி விடுகிற மாதிரித்தான் தொட்டான். உள்ளே ஒன்றும் அசையவில்லை, அது அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

வரிசையின் கடைசியில் சிவபாண்டி நின்றான். கக்கத்தில் மஞ்சள் பை. கையை நீட்டியவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அன்னைக்கே எடுத்துட்டேன் மச்சான்," என்றான். "கடை அடைப்பு, பின்வாசல் வழியாக் கெஞ்சி வாங்கினேன். பாதி வழியில போலீசு மறிச்சுத் திருப்பி விட்டுட்டாய்ங்க. அதுக்கப்புறம் வர மூஞ்சி இல்ல."

பையில் இருந்தது பிறந்த வீட்டுக் கோடி. புருசன் இருக்கச் செத்த பெண்ணின் உடம்பில் கூடப் பிறந்தவன் போர்த்தவேண்டிய புதுச் சேலை. அரக்குச் சிவப்பு, மடிப்புக் கலையாமல் இருந்தது. போர்த்துவதற்கு உடம்புதான் இல்லை. போட்டோவில் சாத்தலாமா என்றாள் ஒருத்தி. போட்டோவுக்குப் போடுவது கோடி ஆகாது என்றாள் இன்னொருத்தி. கல்யாணம் ஆகாத பெண்ணை அதன் பக்கத்திலேயே விடாதீர்கள் என்று முத்துமீனாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இதில் எல்லாம் பழம் தின்று கொட்டை போட்ட கிழவி மாயக்காளே விழித்தாள்.

வீரணன் உள்ளே போய், முனியாயி படுக்கிற கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து முற்றத்தில் போட்டான். சிவபாண்டி புரிந்துகொண்டு சேலையை உதறி அதன்மேல் விரித்தான். தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை இழுத்துவிட்டான். வீரணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அவ குட்டை மாப்ள," என்றான். "கால் பக்கம் கொஞ்சம் மடிச்சு விடு."

சிவபாண்டி மடித்துவிட்டான். மடித்த பிறகு முனியாயி அளவுக்கே இருந்தது சேலை. வீரணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். மரப்பு இறங்கியது. தெருமுனை வரை கேட்கிற மாதிரி அழுதான், வெட்கமில்லாமல் அழுதான். பீமாராவ் தூக்கப் போனபோது, விடுடா, அழட்டும் என்றாள் மாயக்காள்.

சாயங்காலம் சிவபாண்டி அந்தச் சேலையைப் பெரியார் கால்வாயில் விட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எல்லோரும் அப்படித்தான் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஆர்த்திகா மட்டும் சேர்களை அடுக்கிவிட்டு, போயிட்டு வர்றேன்ப்பா என்றாள். மாயக்காள் அவள் கையைப் பிடித்து இழுத்து, துட்டி வீட்டில் சொல்லிவிட்டுப் போகக்கூடாது தாயி, மறுபடி ஒரு துட்டிக்கு வர்றேன்னு ஆகும் என்று காதோடு சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை வியாழக்கிழமையும் அவள் சொல்லிவிட்டுத்தானே போயிருக்கிறாள்.

புதன்கிழமை சிவபாண்டி மறுபடி வந்தான். நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணி கொண்டா ஆத்தா என்று முத்துமீனாவிடம் கேட்டான். செம்புத் தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, எந்த இடத்து மாப்பிள்ளை, என்ன வேலை என்று விசாரிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் வியாழன், ஆர்த்திகா வந்தாள். தூக்கம் எப்படி என்று கேட்டாள். தூக்கம் இல்லை என்றான் வீரணன். சோறும் இறங்கவில்லையாம்.

"அழுகை வருதாப்பா?"

"நின்னா வருது, ஒக்காந்தா வருது. நேத்து லோடோட போகயில வண்டிய ஓரங்கட்டிட்டு அழுதேன். அவ அடுப்புல பால் இருக்குன்னாம்மா. அது அம்புட்டும் பொங்கி வழிஞ்சு கருகிப் போச்சு. அவகிட்ட அதச் சொல்லவே இல்ல."

அவள் எல்லாவற்றையும் பதிவு செய்தாள். பச்சையாக இருந்த விளக்கு சிவப்பாக மாறியது. பயனாளியின் நிலை மோசமடைந்துள்ளது, உடனே உயர் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கவும் என்று எழுத்து ஓடியது. ஆர்த்திகா அதைப் பார்த்தாள். எதிரே மூக்கைச் சிந்தித் துண்டில் துடைத்துக்கொண்டிருந்த வீரணனைப் பார்த்தாள். டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

பொம்பளைப் பிள்ளைகள் அப்படிக் கை நீட்டுகிற வழக்கம் அங்கே கிடையாது. வீரணன் தொட்டான்.

முத்துமீனா டீ கொண்டு வந்தபோது சேர் காலியாக இருந்தது. அந்த அக்கா எங்கேப்பா என்றாள்.

"போயிருச்சு ஆத்தா," என்றான் வீரணன். "சொல்லாமப் போயிருச்சு."